புல்வெட்டி மெஷினில் ஒரு கோளாறும் இல்லை

போன வருஷம் மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒஹாயோவில் மே மாதம் என்றால் புல் சீசன். சனிக்கிழமை காலையானால் தெரு முழுக்க மெஷின் சத்தம். அம்மாவுக்கு இங்கே பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீரை ஆய்ந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரெண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்:

"எதிர்வீட்டுத் தாத்தா புல் வெட்டறாருல்ல, நாலு தடம் போறாரு, மெஷினை அணைச்சிட்டு குனிஞ்சு அதையே பாத்துட்டு நிக்கறாரு. மறுபடி நாலு தடம், மறுபடி குனியறாரு. அந்த மெஷின்ல ஒரு கோளாறும் இல்லடா. அவருக்குத்தான் மூச்சு வாங்குது. யாரும் பாத்துடக் கூடாதுன்னு ரிப்பேர் பாக்கற மாதிரி நிக்கறாரு."

பதினோரு வருஷமாக எதிரும் புதிருமாகக் குடியிருக்கிறோம். எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை.

என் பெண் அவரைப் பட்டாளத்துத் தாத்தா என்றுதான் சொல்லுவாள். அவருக்கும் அந்தப் பெயர் தெரியும், அர்த்தம் சொல்லியிருக்கிறோம், பிடித்திருக்கிறது. வயது 75. கட்டாய ஆள்சேர்ப்பில் மாட்டி 1969-ல் வியட்நாம் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். 2016-ல் மாரடைப்பு, ரெண்டு ஸ்டென்ட். அதற்கப்புறமும் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப்போட வருவார். வேண்டாம் என்றால் கோபம் வரும்.

ஜூன் மாதம் ஒரு கடிதத்தோடு வந்தார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் அரசாங்கக் காகிதமெல்லாம் எனக்குப் புரியும் என்று அவர் நினைப்பு. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். விதி எழுதிய ஆவணத்தை வரிவரியாகப் படித்து ஓட்டை தேடுவதுதான் பிழைப்பு என்பதால், அவர் நினைப்பு முழுத் தப்பும் இல்லை. கடிதம் முந்தைய அக்டோபரில் வந்தது. முன்னாள் படைவீரர் நலத்துறையிலிருந்து. எல்லோர் வாயிலும் வி.ஏ. தான். அவருடைய இதய நோய் ராணுவ சேவையோடு தொடர்புடையது என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் போட்டிருந்த ரேட்டிங் 10 சதவீதம்.

"இது போதும், சரிதானே?" என்று கேட்டார். எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

அந்தக் கடிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து வாரம் பிடித்தது. அப்படிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதல் கேள்வி, 10 சதவீதம் என்றால் எதில் 10 சதவீதம்? இதயத்தில் பத்தில் ஒரு பங்கு கெட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். இல்லையாம். இப்படிப்பட்ட நோய் உள்ள சராசரி ஆளுக்கு, வெளியுலக வேலையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறையும் என்பதன் உத்தேசக் கணக்கு அது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ரிட்டயர் ஆனவரா, இன்னும் வேலைக்குப் போகிறவரா, வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்றெல்லாம் பார்ப்பதில்லை. இதில் இன்னொரு விசித்திரம்: பெரும்பாலான இதய நோய்களுக்கு நாலே நாலு படிதான். 10, 30, 60, 100. நடுவில் 20, 40, 50 எதுவும் கிடையாது. 30-லிருந்து 60-க்கு ஏறும் அந்தத் தாவலில் மாத வருமானம் ரெண்டரை மடங்காகிறது.

ஆனால் சதவீதத்துக்கு முன்னால் தாண்ட வேண்டிய வாசல் ஒன்று இருக்கிறது. 1969-ல் வியட்நாம் போனவருக்கு 2016-ல் மாரடைப்பு வந்தால் அதற்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் 46 வருஷம் பன்றி இறைச்சியும் சிகரெட்டும் இருந்திருக்கின்றனவே? நியாயமான கேள்வி. சாதாரணமாக இந்தச் சம்பந்தத்தை ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். அதுவும் "நிச்சயம்" என்று எழுத வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்றால் போதும். தராசு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் தீர்ப்பு பட்டாளத்துக்காரர் பக்கம். இது சட்டத்திலேயே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

வியட்நாம்காரர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. அங்கே காட்டையும் பயிரையும் கருகவைக்க அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லி தெளித்தன. பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை போட்டிருந்ததால் அதற்கு ஏஜென்ட் ஆரஞ்ச் என்று பேர். அதில் டையாக்ஸின் என்ற விஷம் கலந்திருந்தது. 1991-ல் ஒரு சட்டம் வந்தது: வியட்நாமில் கால் வைத்தவர் எல்லோர் மீதும் அது பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம், பட்டியலில் உள்ள நோய் வந்தால், அதனால்தான் வந்தது என்று அனுமானித்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் இதயத் தமனி அடைப்பு நோய் சேர்ந்தது 2010 ஆகஸ்ட் 31-ல்தான். அப்போது வி.ஏ.வுக்குத் தலைவர் எரிக் ஷின்செகி. அவரே வியட்நாமில் கண்ணிவெடியில் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர். அவ்வளவு பரவலான நோயைப் பட்டியலில் சேர்த்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று அப்போது பலத்த விவாதம் நடந்தது. அவர் பின்வாங்கவில்லை.

(அந்தத் தெளிப்புக்குக் கீழே வயலில் நின்றவர்களுக்கும், இன்னும் அந்த மண்ணிலேயே வாழ்கிறவர்களுக்கும் வி.ஏ.விடம் இப்படி ஒரு படிவம் கிடையாது. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது இல்லை என்றாலும், இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனசு வரவில்லை.)

ஆக, பட்டாளத்துத் தாத்தாவுக்கு வாசல் திறந்தே இருந்தது. வியட்நாமில் இருந்ததைக் காட்டும் டிடி 214 என்ற பணிவிடுவிப்புக் காகிதமும், மருத்துவமனையின் ஸ்டென்ட் காகிதமும் போதும். 2016-லேயே மனுப் போட்டிருக்கலாம். போட்டது 2023 வசந்தத்தில். ஏன் என்று கேட்டேன். வாஷிங்டனில் வியட்நாம் போரில் செத்தவர்களுக்கான அந்தக் கறுப்புக் கல் நினைவுச் சுவரில் 58,000-க்கு மேல் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள், அதில் தன்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன் பேர் ஒன்று இருக்கிறது, அவனுக்கு எந்தப் படிவமும் இல்லை, நான் எந்த முகத்தோடு போய் வரிசையில் நிற்பது என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான். பணம் பொதுவாக மனுப் போட்ட தேதியிலிருந்துதான் ஓடும், நோய் வந்த தேதியிலிருந்து ஓடாது. ஏழு வருஷம் போனது போனதுதான்.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். இதில்தான் விஷயமே இருக்கிறது.

இதயத்துக்கு எத்தனை மார்க் என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ அல்ல. "மெட்" என்று ஓர் அளவு. சும்மா நின்றுகொண்டிருக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன், ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 3.5 மில்லி, அதுதான் 1 மெட். வேலை கடுமையாகக் கடுமையாக மெட் ஏறும். எத்தனை மெட் வேலையில் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, அசந்துபோகிறது, தலை சுற்றுகிறது, படபடக்கிறது? அந்த எண்தான் ரேட்டிங்கைத் தீர்மானிக்கிறது.

3 மெட்டிலோ அதற்குக் கீழோ அறிகுறி வந்தால் 100 சதவீதம். 3 மெட் என்பது சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, தெருவில் மெல்ல ஒன்றிரண்டு பிளாக் தூரம் நடப்பது. அதிலேயே மூச்சு வாங்கினால் 100. 3.1 முதல் 5 வரை என்றால் 60: களை பிடுங்குவது, மோட்டார் மெஷினைப் பிடித்துக்கொண்டு புல் வெட்டுவது, வேகநடை. 5.1 முதல் 7 வரை 30: ஒரு மாடி ஏறுவது, மண் வெட்டுவது, மோட்டார் இல்லாத மெஷினைத் தள்ளுவது. அதற்கு மேல் 10 மெட் வரை போனால் 10 சதவீதம்: படியில் விறுவிறுவென்று ஏறுவது, மரம் அறுப்பது, ஓடுவது. மெட் எவ்வளவானாலும் இதயத்துக்கு விடாமல் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த 10 உறுதி. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயச் சுவர் தடித்தோ அறை விரிந்தோ இருப்பது தெரிந்தால் 30 உறுதி.

படித்துக்கொண்டே வந்தபோது 60-க்கான வரியில் நான் நின்றுவிட்டேன். மோட்டார் மெஷினால் புல் வெட்டுவது. எங்கள் ஜன்னலில் அம்மா உட்கார்ந்து பார்த்த அதே காட்சியை வி.ஏ. ஏற்கெனவே படிவத்தில் அச்சடித்து வைத்திருக்கிறது!

அப்படியானால் தாத்தாவுக்கு எப்படி 10 வந்தது?

விதிப்படி ட்ரெட்மில்லில் ஓடவிட்டு மெட் அளக்க வேண்டும். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1960-களில் வகுத்த முறைதான் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. முதல் 3 நிமிஷம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீதம் ஏற்றம். அதை முடித்தால் ஏறத்தாழ 5 மெட். அடுத்த 3 நிமிஷம் 4 கிலோமீட்டர் வேகம், 12 சதவீதம் ஏற்றம். அதையும் முடித்தால் ஏறத்தாழ 7. அதாவது 60-க்கும் 30-க்கும் நடுவே இருப்பது மூன்றாவது நிமிஷம், 30-க்கும் 10-க்கும் நடுவே ஆறாவது நிமிஷம். ஒரு மனிதரின் மிச்ச வாழ்நாள் வருமானம் முட்டை வேகும் நேரத்துக்குள் முடிவாகிறது.

ஆனால் தாத்தாவுக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. ட்ரெட்மில் ஆகாது. அந்த மாதிரி ஆட்களுக்கு விதி வேறு வழி வைத்திருக்கிறது: பரிசோதிக்கிற மருத்துவர் கேள்வி கேட்டு, பதிலை வைத்து மெட்டை உத்தேசிக்கலாம். இந்தச் சந்திப்புக்குப் பட்டாளத்துக்காரர்கள் வைத்திருக்கும் பேர் சி அண்ட் பி. இழப்பீட்டுக்கான பரிசோதனை. இதை இப்போது பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு எடுத்த தனியார் கிளினிக்குகள்தான் செய்கின்றன. அங்கே என்ன நடந்தது என்று தாத்தாவே சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எப்படி இருக்கீங்க?" "அருமையா இருக்கேன்." "படி ஏறுவீங்களா?" "தினமும்." "தோட்ட வேலை?" "என் புல்லை நான்தான் வெட்டுவேன். பனியும் நான்தான் அள்ளுவேன். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து."

அத்தனையும் உண்மை. ஒரு பொய் இல்லை. கேட்டவர் எழுதிக்கொண்டார். இருபது நிமிஷத்தில் முடிந்தது. புல் வெட்டி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகிறது, படியில் நாலாவதில் நின்று பூந்தொட்டியைப் பார்ப்பது போல மூச்சு வாங்குகிறார், பனி அள்ளிய அன்று முழுக்க சோபாவை விட்டு எழுவதில்லை என்பதையெல்லாம் அவரும் சொல்லவில்லை, எதிரில் இருந்தவரும் கேட்கவில்லை. செய்ய முடியுமா என்பதல்ல படிவத்தின் கேள்வி. செய்யும்போது என்ன ஆகிறது என்பது. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் "அருமையா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்களோ.

எங்கள் பக்கத்துப் பெருசுகள் மட்டும் என்னவாம்? டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லா வலியும் பறந்துவிடும். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் "லேசா நெஞ்சை அடைக்குது" என்பார்கள். ஆனால் இந்த ஊர்ப் பட்டாளத்துக்காரர்களிடம் அது இன்னொரு சுற்று இறுகியிருக்கிறது. பதினெட்டு இருபது வயதில் "முடியாது" என்று சொன்னால் திட்டு விழும் இடத்தில் பழகிய நாக்கு அது.

இங்கே கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும். 2021 நவம்பர் 14-க்கு முன்னால் இந்த விதியில் இன்னொரு கதவு இருந்தது. இதயம் ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று எக்கோவில் அளப்பார்கள். இ.எஃப். என்பார்கள். ஆரோக்கியமான இதயத்தில் 55, 60 இருக்கும். பழைய விதியில் அது 30-க்குக் கீழே இருந்தால் நேராக 100 சதவீதம், 30 முதல் 50 வரை இருந்தால் 60. மெட் எவ்வளவானாலும் பரவாயில்லை. பேசத் தெரியாத பட்டாளத்துக்காரருக்கும் ஜெல் தடவி ஸ்கேன் செய்தால் படமே பேசிவிடும்.

புதிய விதி அந்தக் கதவை மூடிவிட்டது. காரணம் மருத்துவரீதியாகச் சரிதான். இ.எஃப். 60 இருந்தும் பத்தடி நடக்க முடியாத இதயச் செயலிழப்பு உண்டு. இதயம் சரியாக விரியாததால் வருவது அது. இ.எஃப். 45 வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவரும் உண்டு. முன்னவருக்குக் குறைவாகவும் பின்னவருக்கு 60 என்றும் கொடுப்பது என்ன நியாயம்? அதனால் இப்போது எல்லாம் மெட் மேல்தான் நிற்கிறது. ஏற்கெனவே பழைய விதியில் வாங்கியவர்களுக்கு, விதி மாறியதை மட்டும் காரணமாகச் சொல்லிக் குறைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இருக்கிறது.

என் கட்சி என்னவென்றால், மாற்றம் சரி, ஆனால் அதன் பாரம் தப்பான தோளில் விழுந்திருக்கிறது. ட்ரெட்மில்லில் ஏறக்கூடியவருக்குப் பிரச்சினை இல்லை. முழங்கால் போனவர், நுரையீரல் கெட்டவர், இடுப்பு உடைந்தவர் எல்லாம் வாயைத்தான் நம்பியிருக்க வேண்டும். அந்தத் தலைமுறைக்கு வாய்தான் வராது. போதாததற்குப் படிவம் இன்னொன்றும் கேட்கிறது: இந்த மூச்சு வாங்கலில் எவ்வளவு இதயத்தால், எவ்வளவு மற்றதால்? சளியும் ஆஸ்துமாவும் இருக்கிற ஆளிடம் இதைப் பிரித்துக்காட்டச் சொன்னால் யாரால் முடியும்? பிரிக்கவே முடியாது என்று மருத்துவர் எழுதினால் மொத்தத்தையும் சேவையோடு தொடர்புடைய நோயின் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்று 1998-லேயே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மருத்துவர் அப்படி எழுதினால்தான் அது உதவும்.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் நான் செய்யாதது. மற்றவருக்காக இந்த மனுக்களைத் தயாரித்துக் கொடுக்க வி.ஏ.வின் அங்கீகாரம் வேண்டும். கூகுள் பண்ணத் தெரிந்த அண்டைவீட்டுக்காரனுக்கு அது கிடையாது. நான் செய்ததெல்லாம் காரில் கூட்டிக்கொண்டு போனது. ஒஹாயோவில் 88 கவுன்ட்டிகள், 88-லும் படைவீரர் சேவை அலுவலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் அங்கீகாரம் பெற்ற அதிகாரி ஒரு பைசா வாங்காமல் மனுவைப் போட்டுக் கொடுப்பார். எங்களுக்கு வாய்த்த அம்மையாரும் முன்னாள் ராணுவம்தான்.

தாத்தா அங்கேயும் "10 போதும், தேவைப்படறவன் எடுத்துக்கட்டும்" என்று ஆரம்பித்தார். அந்த அம்மையார் மறுத்துப் பேசவில்லை. கூட வந்திருந்த தாத்தாவின் மனைவியைக் காட்டி, நாளைக்கு உங்களுக்கு இதயத்தால் ஏதாவது ஆனால் இவருக்கு மாதாமாதம் வி.ஏ. பணம் தரும், அதற்கு இந்தக் கோப்பில் உங்கள் இதயம் உண்மையில் எந்த நிலையில் இருந்தது என்று எழுதியிருந்தால் நல்லது, அருமையா இருக்கிறார் என்று இருந்தால் யாருக்கு நல்லது என்று கேட்டார். தாத்தா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் பேசவில்லை.

முடிவு பிடிக்காவிட்டால் ஒரு வருஷத்துக்குள் மூன்று வழி. மூத்த அதிகாரியை விட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம், ஆனால் அதில் புதிதாக ஒரு காகிதம்கூட வைக்க முடியாது. வாஷிங்டனில் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், காத்திருக்க வேண்டும். அல்லது புதிய சான்றோடு துணை மனுப் போடலாம். எங்கள் பிரச்சினையே கோப்பில் உண்மை இல்லாததுதான் என்பதால் மூன்றாவது. ஒரு வருஷத்துக்குள் போட்டால் பழைய தேதியும் செல்லும். ஆகஸ்ட்டில் போட்டோம், கெடுவுக்கு ரெண்டு மாதம் மிச்சம் இருந்தது.

புதிய சான்று இரண்டுதான். ஒன்று, அவருடைய இதய மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் கடிதம்: முழங்காலால் ட்ரெட்மில் இயலாது, 3 மெட்டுக்கும் 5 மெட்டுக்கும் இடையே உள்ள வேலைகளில் மூச்சு வாங்குகிறது, களைப்பு வருகிறது, இது முழங்காலால் வருவதல்ல, இதயத்தால். இரண்டு, அவர் மனைவி கையால் எழுதிய ரெண்டு பக்கம். மருத்துவர் அல்லாதவரின் வாக்குமூலமும் சான்றுதான்; கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். பாட்டி அதில் மெஷினை அணைத்துவிட்டுக் குனிந்து நிற்பதை எழுதியிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அதே நாளில் அந்த அம்மையார் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மனுப் போட்டார். 2022 ஆகஸ்ட் 10-ல் கையெழுத்தான பேக்ட் சட்டம் ரத்தக்கொதிப்பையும் ஏஜென்ட் ஆரஞ்ச் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதை இதயத்தோடு சேர்க்காமல் தனியாகத்தான் மதிப்பிட வேண்டும், அதற்கு அளவும் வேறு: கீழ் அழுத்தம் பெரும்பாலும் 100-ஓ அதற்கு மேலோ, அல்லது மேல் அழுத்தம் பெரும்பாலும் 160-ஓ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம். மாத்திரையால் இப்போது அடங்கியிருக்கிறதே என்றால், முன்பு கீழ் அழுத்தம் 100-ஓ அதற்கு மேலோ இருந்ததற்குக் காகிதம் வேண்டும். பாட்டியின் அட்டைப்பெட்டியில் 1998-ம் வருஷத்துச் சீட்டு இருந்தது. 102. பழைய காகிதத்தைத் தூக்கிப்போடுகிறவர்கள் கவனிக்கவும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் கடிதம் வந்தது. இதயம் 60, 2023-ல் முதல் மனுப் போட்ட தேதியிலிருந்து. ரத்த அழுத்தம் 10. பீரங்கிச் சத்தத்தால் வந்த காதிரைச்சலுக்கு முன்பே ஒரு 10 இருந்தது. தாத்தா விரல் விட்டு எண்ணி "80!" என்றார்.

இல்லை. வி.ஏ. கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இல்லை. முழு மனிதர் 100. இதயம் 60-ஐ எடுத்துக்கொண்டது, மிச்சம் 40. அடுத்த 10 சதவீதம் அந்த 40-ல்தான், அதாவது 4. ஆக 64, மிச்சம் 36. அடுத்த 10 அந்த 36-ல், 3.6. மொத்தம் 67.6, அதை 68 ஆக்கி, பிறகு பக்கத்துப் பத்துக்கு நகர்த்தினால் 70. ரத்த அழுத்தம் இல்லாதிருந்தால் 64, அதாவது 60-லேயே நின்றிருக்கும். காதிரைச்சலுக்கு ஒரு டாலரும் கூடியிருக்காது. அந்த 1998 சீட்டுதான் ஒரு படி ஏற்றியது. இதைத் தாத்தாவுக்கு நான் வெள்ளைத்தாளில் ஒரு பூசணிக்காயை வரைந்து துண்டு துண்டாக வெட்டிக் காட்டினேன். புரிந்தது என்றார். நம்பவில்லை.

பணத்தில் சொன்னால், 2025 கணக்குப்படி குடும்பம் இல்லாத தனி ஆளுக்கு 20 சதவீதம் என்றால் மாதம் 346.95 டாலர், 70 என்றால் 1,759.19. 70-ல் மனைவி இருந்தால் கொஞ்சம் கூடும். வரி கிடையாது. முன்பு அவருக்கு இருந்தது காதிரைச்சல் 10, இதயம் 10. கூட்டினால் 19, அதை 20 ஆக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 100 இருக்கிறதே, அது அதே 2025 கணக்கில் 3,831.30. 90-க்கு 2,297.96 தான். கடைசிப் படி ஏன் அவ்வளவு உயரம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒன்றிரண்டு சில்லறை விஷயங்கள். புதிதாக மாரடைப்பு வந்தால் மூன்று மாதத்துக்கு 100, பைபாஸ் செய்தாலும் அப்படியே. அதற்கப்புறம் பழையபடி மெட். இதய மாற்று என்றால் குறைந்தது ஒரு வருஷம் 100, பிறகும் 30-க்குக் கீழே இறக்க மாட்டார்கள். வியட்நாம் போகாதவர்களுக்கும் ஒரு சிறு சலுகை: பணியிலிருந்து வெளிவந்த ஒரு வருஷத்துக்குள் இதய நோய் குறைந்தது 10 சதவீத அளவுக்குத் தலைகாட்டினால் சேவையோடு தொடர்புடையது என்றே அனுமானிப்பார்கள்.

இப்போது புல் வெட்டப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வருகிறான். தாத்தா வராந்தாவில் உட்கார்ந்து அவன் விடும் கோணல் தடங்களைச் சத்தம் போட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார்.

அமெரிக்காவில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் தொப்பியில் வியட்நாம் என்று எழுதிக்கொண்டு ஒருவர் இருப்பார். எப்படி இருக்கீங்க என்று கேட்காதீர்கள், அருமை என்பார். கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாரா என்று கேளுங்கள், போகாவிட்டால் ஒரு நாள் காரில் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். முதல் மனுவுக்கு யாரும் பணம் வாங்கக் கூடாது. கேட்கிறவன் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.